கண்ணாடியில் தண்ணி தெரியுதா, தம்பி?

உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பாய்லர் இருக்கிறது. பெயர், பிரஷர் குக்கர்!

சிரிக்காதீர்கள். தண்ணீரை மூடி வைத்துச் சூடாக்கி, ஆவியை அடைத்து வேலை வாங்குகிற எதுவும் பாய்லருக்குப் பங்காளிதான். குக்கரின் தலையில் ஆடுகிற வெயிட், அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்கிறது. அந்தத் துவாரம் அடைத்துக்கொண்டாலோ, உள்ளே தண்ணீர் வற்றிப்போனாலோ மூடியில் இருக்கும் சின்ன சேஃப்டி வால்வுக்குள் ஓர் உலோகத் துண்டு உருகி ஆவிக்கு வழி விடுகிறது. 'மூணு விசில் வந்தா அணைச்சிடுங்க' என்று சொல்லிவிட்டு வீட்டம்மா மாடிக்குத் துணி காயப்போடப் போகிறாரே, அப்போது உங்களுக்குக் கிடைப்பது பாய்லர் ஆபரேட்டர் பதவி. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு!

நம் நாட்டுச் சட்டப்படி, 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு உள்ளது பாய்லர் கணக்கில் வராது. ஆகவே உங்கள் குக்கரைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வரமாட்டார். நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

ஆனால் நீங்கள் சாப்பிடுகிற புழுங்கலரிசி, உடுத்துகிற சாயத் துணி, காபியில் போடுகிற சர்க்கரை, தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனுக்கு வரும் கரண்ட்... இவற்றுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு நிஜ பாய்லர் எரிந்துகொண்டிருக்கிறது. அதன் முன்னால் ராத்திரி இரண்டு மணிக்கும் கண் விழித்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேலை தெரியுமா, தெரியாதா? இதுதான் நான் சொல்லவந்த விஷயம்.

நான் ஒரு சர்க்கரை ஆலையின் பாய்லர் ஹவுஸிலும் பவர் ஹவுஸிலுமாக 31 வருஷம் ஷிப்ட் பார்த்தவன். கரும்புச் சக்கையை எரித்து ஆவி எடுத்து, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றவைத்து, ஆலைக்குப் போக மிச்ச மின்சாரத்தை வெளியே விற்கிற இடம். ஓய்வு பெற்ற பிறகு ஈரோடு பக்கம் ஒரு பயிற்சிக் கூடத்தில் பையன்களுக்குப் பாய்லர் ஓட்டக் கற்றுத்தருகிறேன். ஓட்டுவதா? ஆமாம், பஸ் ஓட்டுவது மாதிரி பாய்லரையும் ஓட்டுவது என்றுதான் சொல்வோம். ஒரே வித்தியாசம், இந்த வண்டி நகராது. நகர்ந்தால் விபரீதம்!

ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆவி

முதல் நாள் பையன்களிடம் ஒரு கணக்குப் போடச் சொல்வேன்.

பத்து கிலோ பிரஷரில் ஓடுகிற பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரின் சூடு 180 டிகிரிக்கு மேல். அடைத்து வைத்திருப்பதால்தான் அது தண்ணீராக இருக்கிறது. உடம்பு பிளந்து அழுத்தம் விட்டுப் போனால்? திறந்த வெளியில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் தண்ணீராக இருக்க முடியாது. மிச்சச் சூடு முழுவதும் கண நேரத்தில் தண்ணீரில் ஏழில் ஒரு பங்கையாவது ஆவியாக்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். 5,000 லிட்டர் தண்ணீர் கொண்ட பாய்லர் என்றால் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்புகிற ஆவி, கண் இமைக்கும் நேரத்தில்! சுவராவது, கூரையாவது?

அமெரிக்காவில் பிராக்டன் என்ற ஊரில் 1905-ஆம் வருஷம் மார்ச் 20-ம் தேதி ஒரு ஷூ தொழிற்சாலையின் பாய்லர் வெடித்தது. 58 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மாநிலத்தில் கடுமையான விதிகள் வந்தன. நம் ஊர்க் கதை இன்னும் பழசு. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்ச்சேதம் ஆனது. அடுத்த வருஷமே வங்காளத்தில் பாய்லர் சோதனைக்குச் சட்டம் போட்டார்கள். பின்னால் நாடு முழுமைக்குமாக 1923-ல் இந்தியக் கொதிகலன் சட்டம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த அந்தச் சட்டத்துக்கு ஓய்வு கொடுத்து, 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. பாய்லரைப் பதிவு செய்ய வேண்டும், உரிய காலத்தில் சோதிக்க வேண்டும், சான்றிதழ் உள்ளவர் கையில்தான் ஒப்படைக்க வேண்டும்.

"அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப எல்லாம் ஆட்டோமேடிக்" என்று ஒரு பையன் சொன்னான். நான் இரண்டு தேதிகளைப் போர்டில் எழுதினேன்.

2017 நவம்பர் 1. உத்தரப்பிரதேசத்தில் ஊஞ்சாஹார் அனல்மின் நிலையம். 500 மெகாவாட் யூனிட். நாற்பது பேருக்கு மேல் பலி.

2020 ஜூலை 1. நம்ம நெய்வேலி, இரண்டாம் அனல்மின் நிலையம். அன்றைக்கே ஆறு பேர். காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் இன்னும் சிலர் பிறகு இறந்தார்கள். அதற்கு முன் மே மாதத்தில்தான் அதே நிலையத்தின் வேறொரு யூனிட்டில் விபத்து நடந்திருந்தது.

வகுப்பு அமைதியாகிவிட்டது. இரண்டும் நவீன மின்நிலையங்கள். கம்ப்யூட்டர் இல்லாத இடமில்லை. அங்கேயும் பாய்லர் பக்கத்தில் நின்றவர்கள் மனிதர்கள்தான்.

காலி கிளாஸும் நிறைந்த கிளாஸும்

எங்கள் கூடத்தில் முதல் நாள் பாடப் புத்தகம் கிடையாது. 'லைன் ட்ரேசிங்' மட்டும்தான். தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து ஃபீட் பம்ப், நான்-ரிட்டர்ன் வால்வ், பாய்லர், மெயின் ஸ்டீம் வால்வ் என்று ஒவ்வொரு குழாயையும் கண்ணால் தொடர்ந்து, நடந்து, குனிந்து, ஏணியேறி, பேப்பரில் கையால் படம் வரைய வேண்டும். பவர் பிளான்ட்டில் புதிதாகச் சேருகிற எஞ்சினீயரையும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வார்கள். இருட்டில் கரண்ட் போன நேரத்தில் எந்த வால்வ் எங்கே என்று கைக்குத் தெரிய வேண்டும். மூளைக்குத் தெரிந்தால் போதாது!

அடுத்தது கேஜ் கிளாஸ். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய். பாய்லர்க்காரனுக்கு அதுதான் குலதெய்வம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தாலும், தண்ணீரே இல்லாமல் காலியாக இருந்தாலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்! சந்தேகம் இருந்தால் வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளரை வைத்துத் தூரத்தில் நின்று பாருங்கள். அதனால்தான் பல பாய்லர்களில் குழாய்க்குப் பின்னால் சாய்கோடு போட்ட தகடு வைத்திருப்பார்கள். தண்ணீர் இருக்கிற பகுதியில் கோடு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து தெரியும். இதைக் கேட்டு, "இத்தனை நாள் அது டிசைன்னு நெனச்சேங்க சார்" என்றார், ஒரு ரைஸ் மில்லில் பன்னிரண்டு வருஷம் விறகு தள்ளியவர்!

கிளாஸ் காட்டுவதை அப்படியே நம்பவும் கூடாது. ஷிப்ட் ஏறியதும் சோதிக்க வேண்டும். கீழே இருக்கிற டிரெய்னைத் திற. தண்ணீர் காக்கை மூடு, ஆவி மட்டும் 'புஸ்' என்று வந்தால் மேல் வழி சுத்தம். ஆவி காக்கை மூடித் தண்ணீர் காக்கைத் திற, தண்ணீர் பீறிட்டால் கீழ் வழி சுத்தம். பிறகு ஆவி காக்கைத் திறந்து டிரெய்னை மூடினால் தண்ணீர் சட்டென்று தன் மட்டத்துக்கு ஏறி நிற்க வேண்டும். சோம்பேறித்தனமாக ஏறினால் எங்கேயோ அடைப்பு. மொத்தமே இரண்டு நிமிஷ வேலை. ஒவ்வொரு பையனையும் ஐம்பது தடவை செய்யவைப்பேன். "கை வலிக்குதுங்க சார்" என்பார்கள். "வலிக்கட்டும், உயிர் இருந்தாத்தானே வலிக்கும்" என்பேன்.

கண்ணாடியில் தண்ணீர் மறைந்துவிட்டது, சோதித்தும் வரவில்லை. என்ன செய்வீர்கள்? பயிற்சிக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர், "உடனே பம்ப்பைப் போட்டுத் தண்ணி விடுவோம்" என்பார்கள். அதுதான் எமனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது! தண்ணீரை இழந்து பழுக்கக் காய்ந்திருக்கும் குழாயில் தண்ணீர் பட்டால் அது கணத்தில் ஆவியாகும், உலோகமும் அதிர்ந்து விரிசல் விடும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகிறது? அதையே மூடிய இரும்புக் கூட்டுக்குள் நினைத்துப் பாருங்கள். முதல் வேலை நெருப்பைக் கொல்வது. ஃபேனை நிறுத்து, விறகை நிறுத்து, சாம்பலைப் போட்டு மூடு. பம்ப் பக்கமே போகாதே. தானாக ஆறட்டும்.

இதை மனப்பாடமாகச் சொல்வது சுலபம். அந்த நேரத்தில் கை தானாக ஃபேன் ஸ்விட்சுக்குப் போக வேண்டும், பம்ப் ஸ்விட்சுக்குப் போகக்கூடாது. அதற்குத்தான் பயிற்சி.

பால் பொங்கினால் பால் அதிகமா?

பவர் பிளான்ட் பாய்லர் இன்னும் தந்திரசாலி. 210 மெகாவாட் யூனிட் ஒன்றுக்கு மணிக்கு 600 டன்னுக்கு மேல் ஆவி வேண்டும். சுமார் 150 கிலோ பிரஷர், 540 டிகிரி சூடு. ஒரு வால்வைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ள இது தண்ணீர்க் குழாய் அல்ல. ஆகவே சிமுலேட்டர். விமானி ஓட்டக் கற்பது மாதிரியே, நிஜ கன்ட்ரோல் ரூம் போன்ற ஓர் அறை. பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து பம்ப்பை 'டிரிப்' ஆக்குவார், ஃபேனை நிறுத்துவார், எதிரே இருப்பவருக்கு ஏ.சி. அறையில் வியர்க்கும். நெய்வேலியில் இருக்கிற தேசிய மின் பயிற்சி நிறுவனம் மாதிரியான இடங்கள் இந்த வேலைக்கு ஆள் தயார் செய்கின்றன.

அங்கே எல்லோரும் ஒரு தடவையாவது விழுகிற குழி ஒன்று உண்டு. திடீரென்று மின்சாரத் தேவை ஏறுகிறது. டர்பைன் அதிக ஆவி இழுக்கிறது. டிரம்மில் அழுத்தம் இறங்குகிறது. உடனே தண்ணீர் மட்டம்... ஏறுகிறது! 'ஆஹா, தண்ணி ஜாஸ்தி' என்று புதுப்பையன் தண்ணீரைக் குறைப்பான். கொஞ்ச நேரத்தில் மட்டம் கிடுகிடுவென்று இறங்கி, யூனிட்டே டிரிப்!

ஏன்? அடுப்பில் பால் பொங்கும்போது பால் அதிகமாகிவிட்டதா என்ன? உள்ளே குமிழிகள் பெருத்துத் தூக்கிக் காட்டுகின்றன, அவ்வளவுதான். நிஜத்தில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது. இதை விளக்கியதும் எங்கள் வகுப்பில் டிப்ளமோ முடித்த ஒரு பெண், "அப்ப பொங்கினது அடங்கினா பாத்திரம் பாதிதான் இருக்கும், இல்லீங்களா சார்?" என்றது. பால் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் புரிகிறது. பையன்களே, கொஞ்சம் சமையலறைப் பக்கமும் போங்கள்!

இன்னும் சில பாடங்கள் கேளுங்கள்:

* ஃபர்னஸைப் பற்றவைக்கும் முன் காற்றை ஓடவிட்டு, உள்ளே தேங்கிய எரியாத வாயுவை வெளியேற்ற வேண்டும். பெரிய பாய்லரில் ஐந்து நிமிஷமாவது. அவசரப்பட்டால் பற்றுவது அடுப்பு மட்டும் அல்ல.

* வெள்ளையாகப் புகைவது ஆவி என்று நினைக்கிறோம். நிஜமான சூட்டு ஆவி கண்ணுக்கே தெரியாது. இட்லிப் பானை ஆவியும் கொஞ்சம் ஆறின பிறகுதான் வெள்ளையாகிறது. உயர் அழுத்தக் குழாயில் ஊசித் துளைக் கசிவு என்றால் சத்தம் கேட்கும், உருவம் தெரியாது. பழைய ஆட்கள் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்கள். துடைப்பம் அறுந்தால் அதற்கு அப்பால் கால் வைக்கமாட்டார்கள்.

* டர்பைனை நிறுத்தியதும் 'அப்பாடா' என்று வீட்டுக்குப் போக முடியாது. சூடான தண்டு அசையாமல் கிடந்தால் வளைந்துவிடும். மணிக்கணக்கில் மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பீச்சில் சோளக்கதிர் சுடுகிற அம்மாவைப் பாருங்கள், அதே தொழில்நுட்பம்!

* புகைபோக்கியைப் பார்த்தே ஆளை எடை போடலாம். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, முதலாளியின் விறகுக் காசு பறந்துபோகிறது.

அலாரம் தூக்கத்தைக் கெடுக்குதாம்!

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் வாங்க அனுபவம் காட்ட வேண்டும். சில இடங்களில் பாய்லர் ஹவுஸ் வாசலையே மிதிக்காத பையனுக்கு 'இத்தனை வருஷம் வேலை பார்த்தார்' என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்துவிடுகிறார்கள். இன்னும் சில இடங்களில் சான்றிதழ் ஒருவர் பெயரில் சுவரில் தொங்கும், விறகு தள்ளுவது வேறொருவர். கேட்டால், "அவரு ஊருக்குப் போயிருக்காருங்க" என்பார்கள். எப்போது கேட்டாலும் அவர் ஊரில்தான் இருப்பார்!

என்னிடம் படித்த ஒரு பையன் ஒரு சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட் பார்த்தான். எந்தப் பட்டறை என்று வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ராத்திரி ஒன்றரை மணி. கிளாஸில் தண்ணீர் முக்கால் மட்டம் காட்டுகிறது. எல்லாம் சரி. ஆனால் ஒரு மணி நேரமாக அது இம்மி அசையவில்லை. ஓடுகிற பாய்லரில் தண்ணீர் மட்டம் லேசாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடாத தண்ணீர், செத்த தண்ணீர்.

பையன் சோதித்தான். ஆவி வழி திறந்திருந்தது. தண்ணீர் வழியில் சொட்டுக்கூட வரவில்லை. உப்பு படிந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதாவது கண்ணாடி காட்டியது பழைய தண்ணீர். உள்ளே எவ்வளவு என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஃபேனை நிறுத்தினான். சாம்பலை அள்ளிப் போட்டு நெருப்பை மூடினான். பம்ப்பைத் தொடவில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்து, "டையிங் பாதியில நிக்குதுடா, பத்து நிமிஷம் ஓட்டு" என்று கத்தியிருக்கிறார். முதலாளியையும் போனில் எழுப்பிவிட்டார். "முடியாதுங்க, கிளாஸ்ல தண்ணி தெரியலைங்க" என்பதைத் தவிரப் பையன் வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு லாட் துணி வீணாம்.

பாய்லர் ஆறிய பிறகு திறந்து பார்த்த மெக்கானிக்தான் விஷயத்தைச் சொன்னார். மேல் வரிசைக் குழாய்கள் தண்ணீருக்கு வெளியே நின்றிருக்கின்றன. அப்படியானால் தண்ணீர் குறைந்தால் அலற வேண்டிய அலாரம் என்ன ஆயிற்று? ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள். ராத்திரியில் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறதாம்! அன்றைக்கு அந்த ஷெட்டில் இருபது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து முதலாளி என்னிடம் பேசினார். "அந்தத் தம்பியைத் திரும்பி வரச் சொல்லுங்க சார்." பையனிடம் சொன்னேன். "முதல்ல அலாரம் ஒயரை மாட்டச் சொல்லுங்க சார். அப்புறம் பாக்கலாம்" என்றான். ஒயரை மாட்டினார்களாம். ஆனால் பையன் போகவில்லை. அதற்குள் வேறு இடத்தில் அதிகச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டான். அங்கே அவனை எடுத்ததற்குக் காரணமே இந்தக் கதைதான்!

சேருமுன் கேளுங்கள்

பிள்ளையைப் பாய்லர், பவர் பிளான்ட் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு என் யோசனை இதுதான். பளபளக்கிற நோட்டீஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். நேரில் போய் நாலு கேள்வி கேளுங்கள். இங்கே நெருப்பு எரிகிற நிஜ பாய்லர் உண்டா? ஒவ்வொரு பையனும் தன் கையால் எத்தனை தடவை பற்றவைப்பான்? கரண்ட் போனால், தண்ணீர் போனால் என்ன செய்வது என்று வேண்டுமென்றே நிறுத்திப் பயிற்சி கொடுப்பார்களா? சொல்லிக்கொடுப்பவர் ஷிப்ட் பார்த்தவரா? இதற்கெல்லாம் 'வீடியோ போட்டுக் காட்டுவோம்' என்பது பதில் என்றால் வாசலோடு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். வீடியோ பார்த்து நீச்சல் கற்றவர் யாரும் கரையேறியதில்லை.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. பாய்லருக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறீர்கள், அதன் முன்னால் உட்காருகிறவருக்கு வாட்ச்மேன் சம்பளம் தருகிறீர்கள். 'நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நிறுத்து, யாரையும் கேட்காதே' என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு லாட் துணி போனால் அடுத்த வாரம் நெய்துகொள்ளலாம்.

இத்தனையும் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணினீர்களா? போங்கள் சார், போய் அடுப்பை அணையுங்கள்!